கருவில் தெரிந்த லேசான நீர்க்கோர்வை: பிறந்தபின் எத்தனை ஸ்கேன், எப்போது?

ஐந்தாம் மாத ஸ்கேன் அறிக்கையில் மூளை, இதயம், முதுகுத்தண்டு எல்லாம் சரி என்று எழுதியபின் சில நேரம் கீழே ஒரு வரி சேர்ந்திருக்கும்: இடது சிறுநீரகத்தில் லேசான விரிவு, 5 மி.மீ., தொடர்ந்து கவனிக்கவும். அந்த வரியைப் படித்த நாள் முதல் பிரசவம் வரை வீட்டில் நிம்மதி இருக்காது. ‘கொழந்தைக்குக் கிட்னியில நீர் கோத்திருக்காம்’ என்ற பேச்சு சம்பந்தி வீடு வரை போய்விடும். பிறந்த குழந்தை நன்றாகப் பால் குடித்து, தொட்டில் துணியை நனைத்துக்கொண்டு, எடை ஏறி வந்தால் அதே வரி எல்லோருக்கும் மறந்துவிடும். பிரசவத்துக்கு முன்பு பெற்றோரால் செய்யக்கூடியது அநேகமாக எதுவும் இல்லை. அப்போது கவலை உச்சத்தில் இருக்கிறது. பிறந்தபின் செய்ய வேண்டியவை சில உண்டு. அப்போது யாருக்கும் நினைவில்லை. லேசான நீர்க்கோர்வையை எப்படிப் பின்தொடர வேண்டும் என்பதற்கு மருத்துவத்திடம் ஓரளவு தெளிவான விடை இருக்கிறது. அது உரிய நாளில் உரிய வீட்டுக்குப் போய்ச் சேராததே பெரிய குறை என்று நான் நினைக்கிறேன்.

நூறு கர்ப்பங்களில் ஒன்று முதல் ஐந்து வரை இத்தகைய விரிவு தெரிகிறது. பெண் சிசுக்களைவிட ஆண் சிசுக்களில் ஏறத்தாழ இரு மடங்கு அதிகம். சிறுநீரகத்தில் உண்டாகும் சிறுநீர் அதன் நடுவே புனல் போன்ற பகுதியில் சேர்ந்து, அங்கிருந்து மெல்லிய குழாய் வழியே சிறுநீர்ப்பைக்கு இறங்குகிறது. அந்தப் புனலின் முன்பின் அகலத்தைத்தான் ஸ்கேன் மருத்துவர் மில்லிமீட்டரில் அளக்கிறார். சிசு கருப்பைக்குள்ளேயே சிறுநீர் கழிக்கிறது; கர்ப்பத்தின் பிற்பாதியில் பனிக்குட நீரில் பெரும்பங்கு அதுதான். பேறுகாலம் நெருங்கும்போது சிசு வெளியேற்றும் சிறுநீர், பிறந்த குழந்தை கழிப்பதைவிடப் பல மடங்கு. அவ்வளவையும் கீழே கொண்டுபோக வேண்டிய குழாய் இன்னும் முதிரவில்லை. அதில் சிறு மடிப்புகள் இருக்கும். அலை அலையாகச் சுருங்கி நீரைத் தள்ளும் வேகமும் வந்திருக்காது. வரத்து கூடுதல், போக்கு மந்தம் என்பதால் புனல் சற்று விரிகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்குக் குழாய் முதிர முதிர இது தானே சரியாகிவிடும். தாய் தண்ணீர் குறைவாகக் குடித்ததாலோ, உப்பு அதிகம் சேர்த்ததாலோ, பேருந்தில் அலைந்ததாலோ இது வருவதில்லை. பழி முதலில் போய் விழுவது கர்ப்பிணியின் மேல்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

‘லேசான’ என்பதற்கு அளவுகோல் உண்டு. கர்ப்பத்தின் 16 முதல் 27 வாரங்களில் 4 மி.மீ.க்குக் குறையாமலும் 7 மி.மீ.யை எட்டாமலும் இருந்தால் லேசு. 28 வாரத்துக்குப் பின் 7க்கும் 10க்கும் இடையில் இருந்தால் லேசு. 2014-இல் பல மருத்துவச் சங்கங்கள் கூடி வகுத்த யு.டி.டி. என்ற முறையில் இதற்கு ஏ1 என்று பெயர். குழந்தை பிறந்தபின் கணக்கு மாறுகிறது. புனல் 10 மி.மீ.க்குக் கீழே இருந்து அதன் உள்கிளைகள் விரியாமல் இருந்தால் இயல்பு. 10க்கும் 15க்கும் இடையில் இருந்தால் பி1, அதாவது குறைந்த அபாயம். இந்த முறை வருமுன் ஒருவர் ‘பைலெக்டேசிஸ்’ என்று எழுதுவார், இன்னொருவர் ‘ஃபுல்னெஸ்’ என்பார், மூன்றாமவர் ‘மைல்ட் ஹைட்ரோநெப்ரோசிஸ்’ என்பார். மூன்றும் ஒன்றா வெவ்வேறா என்று படிப்பவருக்குத் தெரியாது. இன்றும் பல அறிக்கைகள் அப்படித்தான் வருகின்றன. பெற்றோர் கேட்டு வாங்க வேண்டிய விவரங்கள் நான்கு: எத்தனை மில்லிமீட்டர், எத்தனையாவது வாரம், ஒரு பக்கமா இரண்டு பக்கமுமா, சிறுநீர்க் குழாயும் சிறுநீர்ப்பையும் எப்படி இருக்கின்றன. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் புனல் பெரிதாகத் தெரியும், காலியானதும் சுருங்கும். அளப்பவர் கையைப் பொறுத்தும் ஓரிரு மில்லிமீட்டர் மாறும். போன மாதம் 5, இந்த மாதம் 6 என்றால் நோய் வளர்கிறது என்று பொருள் இல்லை.

லேசான விரிவில் எத்தனை குழந்தைகளுக்கு உண்மையிலேயே கோளாறு இருக்கிறது? இதற்கு அடிக்கடி காட்டப்படும் கணக்கு 2006-இல் வந்தது. 17 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், கருவில் லேசான விரிவு இருந்த குழந்தைகளில் 11.9 விழுக்காட்டினருக்கும், நடுத்தரமாக இருந்தவர்களில் 45.1 விழுக்காட்டினருக்கும், கடுமையாக இருந்தவர்களில் 88.3 விழுக்காட்டினருக்கும் பிறந்தபின் ஏதோ ஒரு கோளாறு கண்டறியப்பட்டது. அதே ஆண்டு வந்த இன்னொரு தொகுப்பாய்வு வேறு கோணத்தில் பார்த்தது. வேறு கோளாறு எதுவும் இல்லாமல் விரிவு மட்டும், அதுவும் கடுமையைப் பொறுத்துத் தரம் பிரிக்கும்போது குறைந்த முதல் இரண்டு தரங்களில் இருந்த குழந்தைகளில் 98 விழுக்காட்டினருக்கு அது மறைந்தது, குறைந்தது அல்லது கூடாமல் நின்றது. முதல் கணக்கைப் படிப்பவர் எட்டில் ஒரு குழந்தைக்கு நோய் என்று பயப்படுவார். இரண்டாவதைப் படிப்பவர் கவலையை விட்டுவிடுவார். இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. முதல் கணக்கின் ‘கோளாறு’ என்ற தலைப்பில் அறுவை தேவைப்படும் அடைப்பும் இருக்கிறது, சிறுநீர் கொஞ்சம் மேலே திரும்பி ஏறும் லேசான பின்னோட்டமும் இருக்கிறது. பின்னோட்டத்தில் குறைந்த தரத்தவை பெரும்பாலும் மருந்தே இல்லாமல் சரியாகின்றன. ஆகவே ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்ளாமல் விடக்கூடாது. பார்த்ததில் எதுவும் தெரியாவிட்டால் குழந்தையை நோயாளியாக்கவும் கூடாது.

இந்த நிதானம் எளிதில் வந்ததல்ல. 1980-களில் கருவில் விரிவு தெரிந்த குழந்தைகள் பலருக்குப் பிறந்த சில வாரங்களிலேயே அறுவை செய்தார்கள். விரிவு என்றால் அடைப்பு, அடைப்பு என்றால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்பது அன்றைய எண்ணம். லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் பிலிப் ரான்ஸ்லியும், அமெரிக்காவின் ஒஹையோவில் ஸ்டீபன் காஃபும் வேறு வழியில் போனார்கள். சிறுநீரகம் நன்றாக வேலை செய்யும்வரை கத்தியை எடுக்காமல், ஸ்கேனிலும் வேலைத்திறனை அளக்கும் ஐசோடோப் சோதனையிலும் தொடர்ந்து பார்த்து வந்தார்கள். ஒரு பக்கம் கடுமையான விரிவு உள்ள குழந்தைகளிலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் கடைசியில் அறுவை தேவைப்பட்டது. கடுமையானதில் நிலைமை இதுவென்றால் லேசானதில் அவசரப்பட்டுச் செய்ய என்ன இருக்கிறது என்ற கேள்வி அதன்பிறகு எழுந்தது. லேசான விரிவு டவுன் சிண்ட்ரோமின் அடையாளமோ என்ற பயமும் இதேபோல் பின்னர் தணிந்தது. வேறு அடையாளம் எதுவும் இல்லாமல் இது மட்டும் இருந்தால், முன்பே கணித்து வைத்த வாய்ப்பை அது அநேகமாகக் கூட்டுவதில்லை.

லேசு என்ற வகையில் ஒருபோதும் சேர்க்கக் கூடாத ஒரு நிலை உண்டு. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் பாதையில் ஒரு சவ்வு வால்வுபோல் குறுக்கே நிற்பது அது. ஆண் குழந்தைகளுக்கு மட்டுமே வரும். சிறுநீர்ப்பை முக்கி முக்கித் தடிக்கும். இரண்டு சிறுநீரகங்களும் விரியும். பனிக்குட நீர் குறையலாம். நம் நாட்டில் இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கருவின் பாலினத்தை வெளியிடுவதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அந்தச் சட்டம் தேவையானது. அதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் அதனால் ஸ்கேன் அறிக்கையில் ‘ஆண் சிசு’ என்ற சொல் இருக்காது. சிறுநீர்ப்பை தடித்திருக்கிறது, இரு பக்கமும் விரிவு என்று மட்டும் இருக்கும். குழந்தை ஆண் என்று தெரிவது பிரசவ அறையில்தான். அங்கே நிற்கும் மருத்துவர் அந்த அறிக்கையைப் பார்த்திருந்தால்தான் இரண்டையும் சேர்த்து நினைக்க முடியும். இத்தகைய குழந்தைக்கும், ஒற்றைச் சிறுநீரகத்தோடு பிறந்த குழந்தைக்கும், இரு பக்கமும் கடுமையான விரிவு உள்ள குழந்தைக்கும் நாள் பார்க்காமல் பிறந்த முதல் ஓரிரு நாளிலேயே ஸ்கேன் எடுக்க வேண்டும். ஆண் குழந்தையின் துணியை அவிழ்த்ததும் சிறுநீர் வில்போல் பீய்ச்சி அடிக்கிறதா, சொட்டுச் சொட்டாக முக்கிக்கொண்டு வருகிறதா என்று தாயும் பாட்டியும் பார்த்துச் சொல்வது நல்ல தகவல். நன்றாகப் பீய்ச்சினாலும் ஸ்கேன் வேண்டாம் என்றாகிவிடாது. சொட்டினால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மற்றக் குழந்தைகளுக்கு, அதாவது மிகப் பெரும்பாலோருக்கு, முதல் ஸ்கேனை அவசரப்பட்டு எடுப்பதே தவறு. பிறந்த முதல் இரண்டு நாளில் குழந்தை குடிப்பது கொஞ்சம் சீம்பால்தான், சிறுநீரும் குறைவு. நீர் வரத்து இல்லாதபோது விரிந்த புனலும் சுருங்கியே தெரியும். இயல்பு என்று ஒரு பொய்யான நிம்மதி கிடைக்கும். அதனால் 48 மணி நேரம் கழிந்தபின், முடிந்தால் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் எடுக்க வேண்டும் என்பது விதி. இந்தியக் குழந்தைகள் சிறுநீரகவியல் சங்கம் 2013-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது.

இந்த விதி நம் ஊர் நடைமுறையில் சரியாக மாட்டிக்கொள்கிறது. சுகப்பிரசவம் என்றால் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஸ்கேனை அதற்குள் எடுத்தால் சீக்கிரம். எடுக்காமல் அனுப்பினால் பச்சிளம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்தாம் நாள் யாரும் திரும்பி வருவதில்லை. சிசேரியன் ஆன தாய்மார்கள் கூடுதல் நாள் தங்குகிறார்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியன். அந்தக் குழந்தைகளுக்காவது வீட்டுக்குப் புறப்படும் நாளில் ஸ்கேன் எடுத்து அனுப்புவது கடினமில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கம். ஐந்தாம் மாத ஸ்கேன் கோயம்புத்தூரில் நடக்கும். வளைகாப்பு முடிந்து திருநெல்வேலிக்குப் போவார்கள். பிரசவம் அங்கே ஒரு மருத்துவமனையில். மூன்று அல்லது ஐந்து மாதம் கழித்துக் குழந்தையோடு திரும்புவார்கள். விரிவைக் கண்டவர் ஒருவர், பிரசவம் பார்த்தவர் ஒருவர், தடுப்பூசி போடுபவர் ஒருவர், பிறகு பார்க்கும் குழந்தை மருத்துவர் ஒருவர். அந்த ஒரு வரி இவர்களில் யாருக்கும் முழுதாகச் சொந்தமில்லை. பழைய அறிக்கை கணவர் வீட்டு அலமாரியில் பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கும். என் பார்வையில் லேசான நீர்க்கோர்வை உள்ள குழந்தைக்கு நேரக்கூடிய தீங்கு இங்கேதான் தொடங்குகிறது. தாய் சேய் நல அட்டையின் முன்பக்கத்திலும் டிஸ்சார்ஜ் சீட்டிலும் அளவோடு இரண்டு வரி எழுதினாலே பாதிக் குறை தீரும். எழுதும்படி கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

முதல் வார ஸ்கேன் இயல்பாக இருந்தாலும் விஷயம் முடிந்துவிடவில்லை. நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் இரண்டாவது ஸ்கேன் வேண்டும். அதற்குள் சிறுநீர் ஓட்டம் சீராகி உண்மை நிலை தெரிந்துவிடும். இந்த நாள் ஒன்றரை மாதத் தடுப்பூசி நாளோடு ஒத்துப்போகிறது. அன்று எப்படியும் தாய் குழந்தையோடு வெளியே வருவார். ஸ்கேனையும் அதே வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கிராம சுகாதார செவிலியர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டு ஸ்கேனும் இயல்பென்றால் பொதுவாக அத்தோடு விட்டுவிடலாம். லேசான விரிவு மட்டும் நீடித்தால் மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும், பிறகு ஆறு மாதம் அல்லது ஓராண்டுக்கு ஒருமுறையும், அது மறையும்வரை ஸ்கேன் மட்டும். ஒலியலையில் எடுப்பதால் இதில் கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை. இதற்காக எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கோ வேலூருக்கோ ஜிப்மருக்கோ ஓட வேண்டியதும் இல்லை. அளவைச் சரியாக எடுக்கத் தெரிந்த உள்ளூர் ஸ்கேன் மையம் போதும். அளவு 15 மி.மீ.யைத் தாண்டினாலோ, சிறுநீரகத் தசை மெலிந்தாலோ, குழாயும் விரிந்திருந்தாலோ, சிறுநீர்ப்பை தடித்திருந்தாலோ அப்போது பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். வேலைத்திறனை அளக்கும் ஐசோடோப் ஸ்கேனையும் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன் எடுத்தால் பச்சிளம் சிறுநீரகத்தின் முதிராமையே அளவைக் கலைத்துவிடும்.

மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு நிலவும் இடம் எம்.சி.யு. சோதனை. சிறுநீர்த் துவாரத்தில் மெல்லிய குழாய் செருகி, சிறுநீர்ப்பையில் சாயத்தை நிரப்பி, குழந்தை சிறுநீர் கழிக்கும்போது எக்ஸ்ரே எடுப்பார்கள். பின்னோட்டம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இதுவே நம்பகமான வழி. விரிவின் அளவுக்கும் பின்னோட்டத்துக்கும் நேர்த் தொடர்பு இல்லை என்று 17 ஆய்வுகளைச் சேர்த்த அந்த 2006 கணக்கே சொன்னதால், லேசான விரிவு உள்ள எல்லோருக்கும் இதைச் செய்ய வேண்டும் என்று ஒரு தரப்பு வாதிட்டது. குழந்தையைப் பிடித்து வைத்துக் குழாய் செருகுவது, கதிர்வீச்சு, சோதனையாலேயே தொற்று வரும் வாய்ப்பு, கண்டுபிடிப்பதில் பெரும்பகுதி தானே மறையக்கூடிய பின்னோட்டம் என்பவை மறுதரப்பின் காரணங்கள். இந்திய வழிகாட்டுதல் இரண்டாம் தரப்பின் பக்கம் நிற்கிறது: 10 மி.மீ.க்கு மேல் விரிவு, உயர் தரம், குழாய் விரிவு இருந்தால் மட்டும் எம்.சி.யு. நானும் அதையே ஏற்கிறேன். லேசான விரிவுக்கு இந்தச் சோதனையை எழுதும் மருத்துவரிடம், இதன் முடிவு சிகிச்சையை எப்படி மாற்றும் என்று பெற்றோர் கேட்கலாம்.

தினம் இரவில் ஒரு சிறு அளவு ஆன்டிபயாடிக் கொடுப்பதும் இதேபோல்தான். தொற்று வராமல் தடுக்கிறது என்பதால் அந்தச் சிரப்பைப் பலர் கண்ணை மூடிக்கொண்டு எழுதினார்கள். 2013-இல் 21 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது உயர் தர விரிவில் அது பயன் தந்தது தெரிந்தது: மருந்து எடுத்தவர்களில் 14.6 விழுக்காடு, எடுக்காதவர்களில் 28.9 விழுக்காடு சிறுநீர்த் தொற்று. குறைந்த தரத்தில் 2.2, 2.8; வித்தியாசம் இல்லையென்றே சொல்லலாம். பின்னோட்டம் இருப்பது உறுதியான குழந்தைகளிடம் நடந்த இரண்டு பெரிய சோதனைகளும் எச்சரிக்கின்றன. 2014-இல் 607 குழந்தைகளிடம் நடந்த அமெரிக்கச் சோதனையில் மருந்து மறுதொற்றைப் பாதியாகக் குறைத்தது. சிறுநீரகத் தழும்பைக் குறைக்கவில்லை. 2023-இல் ஐரோப்பாவில் உயர் தரப் பின்னோட்டம் உள்ள 292 கைக்குழந்தைகளிடம் முதல் தொற்று 35.6-இலிருந்து 21.2 விழுக்காடானது, தழும்பில் இங்கும் மாற்றம் இல்லை. இரண்டிலும் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகின. ஆக, லேசான விரிவு மட்டும் உள்ள குழந்தைக்கு மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் தேவையில்லை என்று துணிந்து சொல்லலாம். பெண் குழந்தை, சுன்னத் செய்யாத ஆண் குழந்தை, குழாயும் விரிந்த குழந்தை ஆகியோரிடம் தொற்று வாய்ப்பு கூடுதல் என்பதால் மருத்துவர் தனியாக யோசிப்பார்.

மருந்தைவிட முக்கியம் காய்ச்சலை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது. சளி, இருமல் எதுவும் இல்லாமல் வரும் காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், காரணமில்லாத வாந்தி, துவண்டு கிடத்தல், எடை ஏறாமை: கைக்குழந்தையின் சிறுநீர்த் தொற்று இப்படித்தான் தலைகாட்டும். சிறுநீர் கழிக்கும்போது அழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் தவறிவிடும். கைக்குழந்தை எல்லாவற்றுக்கும் அழும். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தால் அன்றே மருத்துவமனை. தடுப்பூசி போட்ட அன்றும் மறுநாளும் உடம்பு சுடுவது வழக்கம்தான். ஆனால் இரண்டு நாளைத் தாண்டினாலோ, குழந்தை சோர்ந்து பால் குடிக்காவிட்டாலோ அதைத் தடுப்பூசிக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. பல் முளைக்கிற காய்ச்சல் என்று வீட்டில் சொல்லிக் கடத்துவதும் ஆபத்து. ஆன்டிபயாடிக் தொடங்குமுன் சிறுநீரைக் கல்ச்சருக்கு எடுக்க வேண்டும். ஒட்டும் பையில் பிடித்த சிறுநீரில் தோலில் உள்ள கிருமிகள் கலந்துவிடும். அதை வைத்துத் தொற்று என்று முடிவுகட்ட முடியாது. சுத்தமாகத் துடைத்து நடுவில் வரும் நீரைப் பிடிப்பதே நல்லது. ஆஸ்திரேலியாவில் ஓர் எளிய வழியைச் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். குளிர்ந்த நீரில் நனைத்த காஸ் துணியால் குழந்தையின் அடிவயிற்றில் வட்டமாகத் தேய்த்தபோது ஐந்து நிமிடத்துக்குள் 31 விழுக்காடு குழந்தைகள் சிறுநீர் கழித்தன. சும்மா காத்திருந்தவற்றில் 12 விழுக்காடு. ஒருவர் தேய்க்க, மற்றவர் கிண்ணத்தோடு தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிறுநீரகத்தில் கோளாறு என்றதும் பார்லி தண்ணீர், நெருஞ்சில் கஷாயம், வாழைத்தண்டு சாறு என்று கை போகும். ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம், வெறும் தண்ணீர்கூட. தண்ணீர் கொடுத்தால் பால் குறையும், எடை குறையும். குழாயின் முதிர்ச்சி அதனால் வேகமாகிவிடாது.

லேசான விரிவு மறைந்தபின்னும் பழைய ஸ்கேன் தாள்களைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மிகச் சிலருக்குப் புனலும் குழாயும் சேரும் இடத்தில் அவ்வப்போது மட்டும் அடைத்துக்கொள்ளும் குறை இருக்கும். குழந்தைப் பருவத்தில் அது ஒளிந்தே இருக்கும். பள்ளிக்கூடம் போகும் வயதில் பிள்ளை திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு, வாந்தியெடுத்து, சில மணி நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் விளையாடப் போய்விடும். பூச்சி மாத்திரையும் கேஸ் சிரப்பும் மாறி மாறிக் கொடுக்கப்படும். அத்தகைய பிள்ளைக்குக் கருவில் ஒருமுறை இடது சிறுநீரகம் விரிந்திருந்தது என்று தாய் சொன்னால் மருத்துவரின் யோசனை வேறு பக்கம் திரும்பும். அந்த ஸ்கேனை வலி இருக்கும்போதே எடுக்க வேண்டும். வலி தணிந்து அடைப்பு விலகியபின் எடுத்தால் சிறுநீரகம் இயல்பாகத் தெரிந்து, அறிக்கையும் அப்படியே வந்துவிடும்.